அத்தானின் மஞ்சள் உள்ளங்கை

ஒருவருடைய ஈரலை எடுத்து இன்னொருவருக்கு வைத்துத் தைக்கிறார்களாம் என்று சஞ்சிகையில் வாசித்த நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சில்லை. தைத்தால் மட்டும் போதாது. வந்தது அந்நியம் என்று கண்டால் உடம்பு அதை விரட்டப் பார்க்கும். அதை அறிய அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பித்தத்தின் மஞ்சள் இரத்தத்தில் ஏறிச் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, கண்டால் ஆபத்து.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கியதுதான் வினை. அக்காவைக் கட்டி, கொக்கட்டிச்சோலையிலிருந்து நாவற்குடாவுக்கு எங்கள் வீட்டோடு வந்து இரண்டு மாதமான அத்தானும் அங்கேயிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"வந்த ஆளை விரட்டுறதெண்டு ஆரைச் சொல்லுறாய் கா?"

"ஈரலை அம்மா."

அத்தான் பூசணிக்காய்க் கறியைப் பிசைந்தார். உள்ளங்கை மஞ்சளாயிருந்தது. கறியாக்கும் என்று இடது கையைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள்.

"அத்தான், உங்களுக்குச் செங்கமாரி!"

மறுநாளே அத்தானின் தாய் ஓடம் ஏறி வந்துவிட்டார். "என்ர புள்ளைக்கு இந்த வீடு ஒத்துக்கொள்ளல்ல. நான் கூட்டிட்டுப் போறன்." மாப்பிள்ளை திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும்? அக்கா அழத் தொடங்கினாள்.

"முதல்ல இரத்தத்தைப் பாப்பம்" என்று அத்தானை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். இரத்தத்தின் தெளிந்த நீர் நல்ல மஞ்சள். ஆனால் பித்தமிருந்தால் சிவக்க வைக்கும் மருந்துத்துளியை விட்டும் அது சிவக்கவில்லை. பித்தம் ஏறவில்லை. டொக்டர் அத்தானின் கண்ணை விரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்றிருந்தது.

"காலையில என்ன சாப்பாடு?"

"பப்பாசிப்பழம்."

"பகலைக்கு?"

"பூசணிக்காய்."

"இரவைக்கு?"

"மிச்சப் பூசணிக்காய்."

வந்த முதல் நாள் இவற்றைத் தின்றுவிட்டு அத்தான் மரியாதைக்கு நல்லாயிருக்கிறது என்றாராம். அன்றிலிருந்து அம்மா நிறுத்தவில்லை. புது மாப்பிள்ளை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? அவற்றின் நிறம் தோலில் ஏறுமாம், கண்ணில் ஏறாதாம்; தின்றே மஞ்சளாகிவிட்டார்.

அன்று பகல் அம்மா வழக்கம்போல் பூசணிக்காயை அள்ளினார். அத்தான் தட்டைக் கையால் மூடினார்.

"வேணாம் மாமி. எனக்கு இதைக் கண்ணிலயும் காட்டப்படா."

"இவன் சின்னனிலயும் தின்னமாட்டானே, சம்மந்தி" என்றார் அவருடைய தாய்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்த இரத்தத்தில இது தெரியல்லியா கா?"

அத்தானுக்கு மீன் வந்தது. சட்டியிலிருந்த பூசணிக்காய் முழுவதும் என் தட்டில் விழுந்தது.