முந்தி வந்த எதிரொலி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்றால் நானே சிரிக்கிற ஆள்தான். ஆனால் இது 2011 நவம்பர் 17, வியாழக்கிழமை, லீட்ஸில் என் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

பழைய ஒலிநாடாக்களைக் காப்பாற்றுவது என் வேலை. அன்று கையில் இருந்தது, எண்பதுகளில் கறுப்பு உடையும் கண்மையுமாக மேடையேறிய 'தி கோல்ட் வெஸ்ட்ரி' என்ற குழுவின் கடைசி நாடா. ஈரம் குடித்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. இளஞ்சூட்டு அடுப்பில் எட்டு மணி நேரம் வாட்டி வைத்திருந்தேன். இருந்த நிலைக்கு ஒரே ஒரு முறைதான் ஓடும். பிறகு பூச்சு உதிர்ந்துவிடும்.

கேட்க வந்தவர் டெனிஸ் சக்டன். அறுபதை நெருங்கிய பெண்மணி, அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். பாடகன் ஏட்ரியன் அவருடைய தம்பி. அவர்களிடம் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, தானாகத் தாளம் போடும் ஒரு மின்னணுப் பெட்டிதான். 1986 மார்ச்சில், இந்த நாடா பதிவான ராத்திரி, அதைத் தூக்கிப் போடு என்று அக்கா சொல்ல, முடியாது என்று தம்பி நிற்க, பெரிய சண்டை. "உன்னைவிட அந்தப் பெட்டிக்கு உசிரு அதிகம்டா" என்று சொல்லிவிட்டு டெனிஸ் வெளியேறிவிட்டார். அவன் தனியாக நின்று பாடினான். விடிவதற்குள் கார் விபத்தில் போய்விட்டான்.

"திட்டியிருந்தாலும் பரவாயில்ல, கண்ணு. கடைசியா என்ன பேசினான்னு எனக்குத் தெரியணும்," என்றார். கொடுத்த டீயைத் தொடவே இல்லை. பாவமாக இருந்தது.

பிற்பகல் 3:12. ஓடவிட்டேன்.

டக்... டக்... டக்... பெட்டியின் தாளம். அப்புறம் அவன் குரல். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நொடி முன்னால், அதே வரி மெல்லிசாகக் கேட்டது.

"அது என்னது?"

"பயப்படாதீங்க. நாடா வருஷக்கணக்கா சுத்தியே கிடந்தா, ஒரு சுத்துல இருக்கிறது பக்கத்துச் சுத்துலயும் லேசா ஒட்டிக்கும். வரப்போறது முந்திக்கிட்டுக் கேக்குது, அவ்வளவுதான்."

3:15. பாட்டு பாதியில் நின்றது. தாளம் மட்டும் ஓடியது. டெனிஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

அப்போது மெல்லிசாக ஒரு குரல்... பெண் குரல். வயதான குரல்.

"டேய்... மன்னிச்சுக்கடா. அக்கா தெரியாம சொல்லிட்டேன்."

ஒரு இருமல். நாற்காலி கிறீச்சிடும் சத்தம்.

டெனிஸைப் பார்த்தேன். அவர் பேசவில்லை. அசையவும் இல்லை.

ஒரு நொடி...

கைகளை எடுத்தார்.

"டேய்... மன்னிச்சுக்கடா. அக்கா தெரியாம சொல்லிட்டேன்."

இருமினார்.

நாற்காலி கிறீச்சிட்டது.



நாடாவில் ஏட்ரியன் பேசினான்.

"அக்கா?... அழாத. அழாத அக்கா."

நாடாவில் கதவு படாரென்று சாத்தும் சத்தம். டக்... டக்... டக்... 3:19-க்கு நாடா அறுந்தது.

"கேட்டியா? அழாதன்னான்," என்றார் டெனிஸ். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார். இருபத்தைந்து வருடப் பாரம் இறங்கிய முகம் அது.

எனக்குத்தான் தூக்கம் போனது. இரண்டு வாரம் தேடி, 1986-இல் அந்தப் பாட்டைப் பதிவு செய்த டக்ளஸைப் பிடித்தேன். இப்போது விட்பியில் மீன் வறுத்து விற்கிறார்.

"பாதிப் பாட்டுல ஹெட்போனைக் கழட்டிட்டான்," என்றார். "'அக்கா மன்னிப்புக் கேக்குறா'ன்னான். உள்ள அவனைத் தவிர ஈ காக்கா இல்ல. யார்கிட்டயோ 'அழாத'ன்னு சொல்லிட்டு, கார் சாவியை எடுத்துக்கிட்டு ஓடினான்."

"எங்க?"

"ஓட்லிக்கு, அக்கா வீட்டுக்கு. அவன் தங்கியிருந்ததே எங்க கூடத்து மாடியிலதான். காரை எடுக்க வேண்டிய வேலையே இல்ல. பாதி வழியில லாரி..."

டெனிஸ் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார். நிம்மதியாகத் தூங்குவதாக எழுதுகிறார். டக்ளஸ் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.