சுவர் தாண்டும் புகை

அலுவலகம் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தைத் துடைப்பார் என் தங்கையின் கணவர். சமையலறை வாசற்படி வரைக்கும்தான். அதைத் தாண்டி ஒரு விரற்கடை கூட மாப் நகராது. "அது உங்க தங்கச்சி பங்கு மச்சான். லட்சியம் ஒண்ணு, பொறுப்பு வேற வேற," என்பார், வாளியில் பிழிந்தபடி.

சுற்றுச்சூழல் துறையில் அதிகாரி. நாடுகள் கூடி ஒப்பந்தம் போடும் இடங்களுக்கு இவரையும் அழைத்துப் போவார்கள். பேசுகிறவர் முன்வரிசையில் இருப்பார். வாசகம் திருத்த இவர் அவர் முதுகுக்குப் பின்னால். ஒரு நாட்டுக் காட்டுத்தீயின் புகை பக்கத்து நாட்டுக்குள் போகக் கூடாது என்கிற ஒப்பந்தத்தோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறார். எல்லோரும் ஒத்துக்கொள்ளாத சொல்லை அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்களாம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. மெத்தை மாற்றலாமா, மகளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா, எதைக் கேட்டாலும் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு இருபுறமும் செங்குத்தாக நிறுத்துவார். அடைப்புக்குறி. அத்தோடு பேச்சு முடிந்தது. மெத்தை இன்னும் குழிவிழுந்துதான் கிடக்கிறது. குழம்பில் உப்பு குறைந்தால், அந்தக் கூட்டத்துப் பாஷையிலேயே "கவலையோடு பதிவு செய்றேன்" என்பார். தங்கை உப்பு ஜாடியை நங்கென்று வைப்பாள்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பக்கத்து வீட்டில் இவருடைய சொந்த அண்ணன் இருக்கிறார். பொழுது சாய்ந்தால் கொல்லையில் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் குப்பையைக் கொளுத்துவார். சுவர் தாண்டி வரும் புகையில் இவர் மகளுக்கு மூச்சு இழுக்கும். போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று.

"எரிக்காதே அண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்!" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். இவர் சொல்லவில்லை. முகவுரையெல்லாம் வைத்து ஒப்பந்தம் எழுதினார். அண்ணன் கையெழுத்துப் போடத் தயங்கியதும், 'எரிக்கமாட்டேன்' என்பதற்கு முன்னால் 'இயன்றவரை' என்று சேர்த்துக் கொடுத்தார். அண்ணன் சந்தோஷமாகப் போட்டார். மறுநாளே கொளுத்தினார். "நானும் முயற்சி பண்ணிப் பாத்தேன்டா தம்பி, முடியல!"

"அவரைக் கையெழுத்துப் போட வச்சதே பெருசு மச்சான். ரொம்ப இறுக்கினா ஒப்பந்தத்தை விட்டே வெளியேறிடுவார்."

"அவர் எங்க வெளியேறுவார் மாப்பிள்ளை? வீடே பக்கத்துலதானே இருக்கு!"

விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

நேற்று அவர் துடைத்து முடிக்கும் முன்பே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்துவிட்டது. உள்ளறையில் மகள் இருமத் தொடங்கினாள். இருமல் விசிலாக மாறியது. தங்கை அவர் எதிரில் வந்து நின்றாள்.

"இப்பவாவது போறீங்களா, இல்லையா?"

மாப்பைச் சுவரில் சாய்த்தார். ஈரக் கைகள் இரண்டும் முகத்துக்கு இருபுறமும் எழுந்தன.

நடுவில் தெரிந்த முகத்தை அவள் ஒரு கணம் பார்த்தாள். குனிந்து வாளியைத் தூக்கினாள். அழுக்குத் தண்ணீர் தளும்பி, துடைத்த தரையெல்லாம் சிந்த, பின்கதவை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, வாளியை எங்க தூக்கிட்டுப் போற?" என்றார் அவர், கைகளை இறக்காமலே.

பின்கதவு படாரென்று திறந்தது.