பெற்றிசியாவின் தவளை

அவித்த நண்டொன்றை ஓடு வேறு சதை வேறாக்கப் பெற்றிசியாவுக்கு ஒரு நிமிஷம் போதும். விடத்தல்தீவில் அவளுக்கிருந்த புகழ் இவ்வளவுதான். நண்டுக் கம்பனியில் பதினொரு வருஷம் நின்றாள். போன மாசியில் மார்பில் கட்டி என்றார்கள், அறுத்தார்கள், பிறகு புற்றுநோய்க்கு யாழ்ப்பாணத்தில் ஆறு ஊசி என்றார்கள். மூன்று வாரத்துக்கொன்று, வியாழக்கிழமைகளில். மூன்று முடிந்திருந்தது.

நோய் வருத்தம் பார்க்க ஊர் வந்தது. வருகிறவர்கள் வருத்தத்தைப் பார்க்க வருவதில்லை. முடி எவ்வளவு கொட்டிவிட்டது என்று பார்க்க வருவார்கள். பார்த்துவிட்டு, கொண்டுவந்த வாழைப்பழத்தில் இரண்டைத் தாங்களே உரித்துத் தின்றுவிட்டுப் போவார்கள். இம்முறை முடியைவிட நல்ல காட்சி கிடைத்தது. ஐம்பத்து நான்கு வயது மனுசி ஒரு பச்சைத் தவளையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள்.

பஞ்சடைத்த துணித்தவளை. ஒரு கண் மட்டும் மிச்சம்.

அது 2009இல், யுத்தம் முடிந்து அடைத்துவைத்த முகாமில் கிடைத்தது. பிள்ளைகளின் மனக்காயம் ஆற்றவென்று ஒரு நிறுவனம் பொம்மைகள் கொண்டுவந்தது. பட்டியலில் அவள் மகன் பெயர் ‘றொசாந்தன், வயது ஆறு’ என்று இருந்தது. பட்டியல் எழுதிய நாளில் அவன் இருந்தான். பொம்மை வந்த நாளில் இல்லை. பதினாறு நாள் முன்பு வயிற்றோட்டத்தில் போய்விட்டான்.

“பிள்ளை செத்துப்போச்சு” என்றாள் பெற்றிசியா.

பெயர் கூப்பிட்ட பெட்டை தடுமாறிப் பின்னால் நின்ற நிறுவனக்காரரைப் பார்த்தாள். அவர், “பட்டியல் சரிவர வேணும். குடுத்திட்டுக் கையெழுத்தை வாங்குங்கோ” என்றார். பெற்றிசியா கையெழுத்துப் போட்டாள். தவளையோடு நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகிறதோ.

பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் அது அலுமாரியில் கலியாணச் சீலைக்குக் கீழே கிடந்தது. முதலாவது ஊசி போட்டுவந்த அன்று, ஓங்காளித்து எடுத்த சத்திக்கு நடுவில், அவளே எழுந்துபோய் எடுத்தாள். புருஷன் பெனடிக்ற் அரைமணித்தியாலம் முதுகைத் தடவிவிட்டு, வலை பார்க்கவேண்டும் என்று வெளியே போயிருந்தான். தவளை போகவில்லை. அதனால் சத்தி குறைந்ததா என்றால் இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது.

“அக்கா திரும்பவும் குழந்தைப்பிள்ளையாப் போனா” என்றாள் பக்கத்து வீட்டுச் சுவேதினி.

“ஓமடி. பல்லும் விழட்டும், உன்ரை மடியில வந்து கிடக்கிறன்.”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் செபக்குழு வந்தது. தலைவன் மில்ரன். கரையோரத்தில் தடி நட்டு மறித்துக் கட்டிய சிறகுவலை மூன்று அவனுக்கு உண்டு; வாய் நான்காவது. நோயாளிகளுக்காகச் செபிப்பான். நோயாளிகளிடம் கேட்பதில்லை. சுவேதினிதான் குழுவின் பாட்டுக்காரி.

“அக்கா, செபமாலை தலைமாட்டில கிடக்கு, தவளை நெஞ்சில கிடக்கு” என்றான். “எது எங்கை இருக்கவேணும் எண்டு தெரியாதோ?”

“மணி உறுத்துது தம்பி. அறுத்த இடம்.”

இதற்கு மேல் ஒரு மனிதன் பேசாமல் போயிருக்கவேண்டும். மில்ரன் பெனடிக்றைக் குசினிப் பின்கோடிக்குக் கூட்டிப்போனான்.

“அண்ணை, எகிப்துக்கு ஆண்டவர் தண்டனையா என்னத்தை அனுப்பினவர்? தவளை. ஏன் அக்காவுக்கு வருத்தம் மாறேல்லை?”

“அது துணியெல்லோ மில்ரன்.”

“துணிக்குள்ளைதான் பேய் பூரும்.”

பெனடிக்ற் இருபது கிலோ மீனைத் தனியே தூக்குவான். சத்தமாகப் பேசுகிறவனுக்கு மட்டும் மறுத்துச் சொல்லமாட்டான். மருந்தின் மயக்கத்தில் அவள் கண்ணயர்ந்தபோது கைக்குள்ளிருந்து தவளையை உருவிக் கொடுத்தான்.

இறங்குதுறையில் நின்று செபத்தால் பேயைக் கட்டினார்கள். சுவேதினி பாடினாள். கல்லுக் கட்டி எறியச் சொன்னதும் அவள்தான். “ஆண்டவற்றை கடலுக்குக் கல்லு வேணுமோ?” என்று கேட்டுவிட்டு மில்ரன் வீசினான். முப்பது வருஷம் கடலில் நின்றவன், கடல் கரைக்கு ஏறுகிற நேரமாகப் பார்த்து வீசினான். அவ்வளவு பக்தி.

பெற்றிசியா கண்விழித்துக் கையைத் தடவினாள். பெனடிக்ற் உண்மையைச் சொன்னான். அந்த அளவுக்கு நேர்மையானவன்.

“அப்ப நாளையிண்டைக்கு ஊசிக்குப் போகமாட்டன்” என்றாள்.

“இஞ்சரும், நடுவில விடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்.”

“தவளையைக் கொண்டுவாங்கோ. போறன்.”

“மன்னாரில புதுசொண்டு வாங்கித் தாறன்.”

“றொசாந்தனுக்கு ஒருநாளும் வாங்காதனீங்கள், எனக்கோ வாங்கப்போறியள்?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்கென்று கட்டிவைத்திருந்த பையை அவிழ்த்து, துவாயைத் திரும்பக் கொடியில் போடச் சொன்னாள். பெனடிக்ற் போட்டான். அன்று முழுக்க அவன் செய்த ஒரே வேலை சொன்னதைச் செய்ததுதான்.

புதன் காலை மில்ரன் வலை பார்க்கப் போனான். மீன் வந்து சேருகிற கடைசி அறையில் தவளை கிடந்தது. நீலக்கால் நண்டொன்று அதன் காலைக் கவ்விக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அவன் அந்த மாதம் முழுக்கக் காணாத நண்டும் இறாலும். கூடவந்தவர்கள் தண்ணீருக்குள் நின்று வயிறு பிடித்துச் சிரித்தார்கள்.

“தலைவர், உங்கடை பேய் உங்கடை வலையைத்தான் தேடி வந்திருக்கு!”

வெட்கப்பட்டிருந்தால் நல்ல மனிதன். மில்ரன் நண்டைப் பார்த்தான், தவளையைப் பார்த்தான், மறுபடி நண்டைப் பார்த்தான்.

“பேய் போயிட்டுது” என்றான். “செபத்தோட போயிட்டுது. இப்ப இது சுத்தம். பாத்தியளோ வலையில விழுந்த பாட்டை?”

மத்தியானத்துக்குள் ஊர் இதை நம்பிவிட்டது. தவளையைக் கரையில் மில்ரனின் மீன்வாடித் தூணில் கட்டியிருந்தார்கள். சுவேதினி பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நேற்றுக் கல்லுக் கட்டச் சொன்ன அவளேதான். பெனடிக்ற் கேட்கப் போனான். “ஞாயிறு மட்டும் பொறுங்கோ அண்ணை” என்ற பதிலோடு வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்புவித்தான்.

பெற்றிசியா எழுந்தாள். வீட்டில் போடும் சோட்டிக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, மொட்டைத்தலையை மூடாமல், வெயிலில் வாடிக்கு நடந்தாள். வழியில் இரண்டுதரம் குந்தினாள். தூக்க ஒருவரும் வரவில்லை. பார்க்க எல்லாரும் வந்தார்கள். மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நண்டு உடைத்த விரல், நேரம் எடுக்கவில்லை.

“அக்கா, நாளைக்கு ஒரு வலைப்பாட்டுக்கு மட்டும்...” மில்ரனின் குரல் இறங்கியிருந்தது.

“நேற்றுப் பேய், இண்டைக்குப் புனிதரோ? ரெண்டும் இல்லைத் தம்பி. சத்தி எடுக்கேக்கை பிடிக்கிற துணி. உனக்குச் சத்தி வந்தால் வா, தாறன்.”

யாரோ சிரித்தார்கள். மில்ரனும் சிரித்தான், தன்னைப் பற்றியல்ல என்பதுபோல.

வியாழன் காலை ஆறரை பஸ்ஸுக்கு பெனடிக்ற் வெள்ளைச் சேட்டுப் போட்டு ஆயத்தமாக நின்றான். “நானும் வாறன்.”

“வேண்டாம். நித்திரையில களவெடுக்கிற ஆளோட பஸ்ஸில நித்திரை கொள்ளேலாது.”

தவளை இன்னும் காயவில்லை. பூநகரி தாண்டும்வரை அவள் மடியில் உப்புத்தண்ணீர் கசிந்தபடி வந்தது. முன்சீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெற்றிசியா தவளையின் முகத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி படிவம் நிரப்பினாள். பெயர், வயது, எத்தனையாவது ஊசி.

“நாலு.”

“துணைக்கு ஆர் வந்திருக்கினம்?”

பெற்றிசியா தவளையை மேசையில் வைத்தாள். மேசையில் ஈரம் பரவியது. தாதி படிவத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, தலை நிமிராமல், ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

பெற்றிசியா கையெழுத்துப் போட்டாள்.