ஓர் ஆளுக்கு நாலு பேர்

போன வெள்ளிக்கிழமை என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நான் கூச்சக்காரன். உங்களிடம் வாரா வாரம் இவ்வளவு எழுதுகிறேனே தவிர, நேரில் வாயைத் திறந்தால் வார்த்தை வராது. வீட்டில் 'இந்தாம்மே' என்பேன்... திரும்பிப் பார்ப்பாள். அதோடு சரி.

இந்தத் துணிச்சலுக்குக் காரணம் ஒரு ரஷ்ய நாவல்.

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில் யாரோ விட்டுப்போன தமிழ் மொழிபெயர்ப்பு. அட்டை இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. தலையணை மாதிரி தடிமன். ஒரு மாதம் ரிசப்ஷனில் வைத்திருந்தேன். யாரும் தேடி வரவில்லை. படிக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் வேறு என்ன வேலை? மகள் கல்யாணமாகி பெங்களூரில். மனைவி நாலு வருஷமாகக் குவைத்தில், வீட்டு வேலை. இந்த மாதத்தோடு அக்ரிமென்ட் முடிவதாக இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா, எங்கள் ஊர் நாராயணவனத்துக்கே திரும்புவதா — அவள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 'வந்துடு' என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் வெள்ளிக்கிழமை போன் வந்தால், மழை பெய்ததா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று பேசியே வைத்துவிடுவேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். நூறு பக்கம் தாண்டியும் கதை பிடிபடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் புது ஆள்! லாட்ஜ் ரிஜிஸ்டர் மாதிரி ஒரு நோட்டில் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, ரூமெல்லாம் காலியா கீது. நோட்ல மட்டும் முப்பது பேரு தங்கிக்கினு கீறாங்க?"

"ரஷ்யாக்காரங்கப்பா."

"அவங்களும் மலைக்குப் போவ வந்துகீறாங்களா?"

பிறகுதான் புரிந்தது. முப்பது பேர் இல்லை, எட்டே பேர். ஒரே ஆளுக்கு நாலு பெயர்! வெளியாட்கள் கூப்பிட, அப்பா பெயரோடு சேர்த்து நீளமாக ஒன்று. வேண்டியவர்களுக்குச் சின்னதாக ஒன்று. பாசம் கூடக்கூட இன்னும் சின்னது. நாவலில் ஒரு பெண் புருஷனை விட்டுப் போகப் பெட்டி கட்டிவிடுகிறாள். அவன் அந்தச் சின்னப் பெயரைச் சொல்கிறான். அவ்வளவுதான்... பெட்டியைத் திறந்துவிடுகிறாள்.

அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

என் மனைவி பாஸ்போர்ட்டில் பரமேஸ்வரி. தெலுங்கு ரேஷன் கார்டில் பரமேஸ்வரம்மா. அவள் அம்மா வீட்டில் பரமு. அப்படிக் கூப்பிட இப்போது அங்கே யாரும் உயிரோடு இல்லை. குவைத்தில் என்ன பெயரோ... நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"பரமு..."

"யாரு பேசறது?"

"நான்தான்."

"இன்னா ஆச்சி உனுக்கு? ஒடம்பு சரியில்லியா? சோறு துன்னியா இல்லியா?"

"ஒண்ணும் இல்ல பரமு. நீ வந்துடு... போதும்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"செவ்வாக்கெழமதான் கையெழுத்து போட்டேன். இன்னும் ரெண்டு வருசம். போன வெள்ளிக்கெழம இப்டி கூப்ட்டு இருந்தா... போட்டிருப்பனா?"

அந்தப் பெட்டி கட்டும் பக்கத்துக்கு வந்து சேரவே எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. கொஞ்சம் வேகமாகப் படித்திருக்கலாம்.