பதுவை எங்கே இருக்கிறது?

நாளை எனக்கும் அம்மாவுக்கும் இத்தாலிக்கு பிளைட். இன்று மல்வேர்ன் போகும் பஸ்ஸில், ஏசிக்குக் கீழே இருந்தும் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பக்கத்தில் அம்மா போனில் சித்தியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

“ரோம், புளோரன்ஸ், வெனிஸ், கடைசியா பதுவை. அந்தோனியாருக்கு நேர்த்தி இருக்கெல்லே. எல்லாம் இவன்தான் புக் பண்ணினவன். கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை, பிழை விடமாட்டான். வெனிஸில இருந்து பதுவை அரை மணித்தியாலம்தானாம்.”

அரை மணித்தியாலமா? போனில் மப்பைத் திறந்து தூரம் பார்த்தேன்.

அன்று கடைசி இரண்டு இரவுக்கு அறை தேடும்போது ஆங்கிலத்தில் ‘பது’ வரை அடித்தேன். ‘பதூலா’ என்று வந்தது. கோவிலில் ‘பதுவைப் புனித அந்தோனியார்’ என்று சொல்லும் பதுவை இதுதான் என்று அழுத்திவிட்டேன். இப்போது பார்த்தால் அது நாட்டின் தெற்கே கிடக்கிறது. உண்மையான பதுவை வடக்கே. இத்தாலியர் அதை ‘பாதோவா’ என்கிறார்களாம்.

போன வருடம் எனக்குக் குடல்வால் வெடித்தபோது அந்தோனியாருக்கு அம்மா வைத்த நேர்த்திக்கடன் அது. தவறினால் வயிற்று வருத்தம் திரும்பி வரும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் வலது பக்கம் இப்போதே இழுத்துப் பிடிக்கிறது.

“ஏனடா முகம் வெளுத்திருக்கு?”

“பசிக்குது அம்மா.”

“பொய். இப்பதானே ஏழு இடியப்பம் சாப்பிட்டனி.”

இனிச் செய்யப்போவது:

1. வெனிஸில் இன்னும் இரண்டு இரவு தங்க இடம் தேடுவது. தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.
2. கிடைக்கும்வரை அம்மாவிடம் வாய் திறக்காமல் இருப்பது.
3. அந்தோனியாரிடம் நானே கேட்பது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவராம். நான் தொலைத்தது அவருடைய ஊரை.