எந்த லெவலில் இறக்கினீர்கள், டாக்டர்?

போன வாரம் என் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து ஓடிவிட்டார்.

சிரிக்காதீர்கள். குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் ஓடினார். வயிற்றில் தையல், தோளில் ஆஸ்பத்திரிப் போர்வை. ஓடினார் என்று நான் மரியாதைக்காகச் சொல்கிறேன். நடந்தார். அதுவும் குனிந்துகொண்டு நடந்தார்.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் முனுசாமி மாமாவைத் தெரிந்திருக்கும். தீபாவளியன்று பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதினேனே, அவரேதான். (அதற்காகப் பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை.) சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கடியில் பாறை சரிந்து விழாமல் மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. நாள் தவறாமல் வெடிச்சத்தம் கேட்கிறவருக்குப் பட்டாசைக் கண்டால் பயமா என்று கேட்டால், "கீழ வெடிச்சா எதுக்கு வெடிக்கிறாங்கன்னு தெரியும். மேல எவன் எதுக்கு வெடிக்கிறான்னே தெரியலியே" என்பார்.

மரம் தூக்கித் தூக்கி மாமாவுக்குக் குடல் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். மாமா மாட்டேன் என்றார். அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள், பட்டினி கிடந்தாள். மாட்டவே மாட்டேன் என்றார்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. மாமாவின் அப்பாவுக்கும் ஒரு காலத்தில், வேறு ஊரில், ஆபரேஷன் நடந்தது. அந்தக் காலத்தில் அசையாமல் படுத்திருப்பதுதான் வைத்தியம். அவரும் பலகை மாதிரி படுத்தே கிடந்தார். புண் அழகாக ஆறியது. இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில் எழுந்து உட்கார்ந்தார். காபி கேட்டார். காபி வருவதற்குள் போய்விட்டார்.

எழுந்ததால்தான் போனார்... அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் இதுதான் தீர்ப்பு. அப்பீலே கிடையாது. ஆகவே, கடைசியில் மாமா ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டதும் ஒரு நிபந்தனையின் பேரில்தான். கத்தி வைத்த பிறகு ஒரு மாதத்துக்குச் சுண்டுவிரலைக்கூட அசைக்க மாட்டார். யாரும் அசைக்கச் சொல்லக் கூடாது.

ஆபரேஷன் செய்தவர் புது டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். சீமை வைத்தியப் பத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்துப் படிக்கிறவர். ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். என்றைக்காவது நானும் அங்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வரும்!

அன்று சாயங்காலம் டாக்டர் வந்தார். நாடி பார்த்தார். திருப்தியாகச் சிரித்தார்.

"நாளைக்குக் காலையிலேயே இறங்கிடணும், பெரியவரே. இப்படிப் படுத்தே கிடக்கப்படாது."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் கோலார் தங்கவயலில், பஸ்ஸிலிருந்து இறங்குவது, மாடியிலிருந்து இறங்குவது என்றெல்லாம் எதிலிருந்து என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுமனே 'இறங்குவது' என்றால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போவது. 'இன்னிக்கி எறங்கலியா?' என்றால் வேலைக்குப் போகவில்லையா என்று அர்த்தம். மாப்பிள்ளை பார்க்கிறபோதுகூட, 'பையன் எறங்கறானா, மேல வேலையா?' என்றுதான் கேட்பார்கள். சுரங்கத்தில் ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு 'லெவல்' உண்டு; எந்த லெவலில் இறங்குகிறான் என்பது அடுத்த கேள்வி. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மறுநாள் காலை. நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் காபித் தூக்கோடு அக்கா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"சரசு, இந்த அநியாயத்த கேட்டியாடி? நேத்து வவுத்த கிழிச்சிட்டு இன்னிக்கி எறங்கணும்னு சொல்றாங்கடி!"

"யார் சொன்னது?"

"டாக்டரே சொல்லிட்டாரு. எங்க நைனா எழுந்து உக்காந்ததுக்கே போயிட்டாரு, என்ன கேஜ்ல ஏத்தப் பாக்கறாங்களேன்னு உங்க மாமா ஒரே பொலம்பல். அந்த மனுசன தனியா வுட்டுட்டு வந்துட்டேன்டி..."

நான் நம்பினேனா? நம்பினேன். அக்கறையாகப் பாடம் நடத்துகிற, பத்திரிகையில் வேறு எழுதுகிற நான், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நம்பினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே? ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் ஆவேசமாக வசனம் தயாரித்தேன். 'இது என்ன ஆஸ்பத்திரியா, அடிமைச் சந்தையா?' என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

வார்டுக்குள் நுழைந்தோம். கட்டில் காலி. போர்வையும் இல்லை.

"எறக்கிட்டாங்கடி!" என்று அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். காலிக் கட்டிலைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்ததே ஒரு சந்தோஷம்!

"அட, இறங்கிட்டாரா! பேஷ், பேஷ். பாத்ரூம் பக்கம் போயிருப்பார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தயாரித்த வசனம் மறந்துபோய்விட்டது. "ஆபரேஷன் ஆன மறுநாளே இறக்கலாமா, டாக்டர்?" என்றேன்.

"கண்டிப்பா இறக்கலாம். இறக்காட்டாத்தான் ஆபத்து. இப்ப எல்லா ஊரிலேயும் அப்படித்தானே செய்யறாங்க?"

"எல்லா ஊரிலுமா! எல்லா ஊரிலும் எங்கே சார் இருக்கிறது?"

"என்னம்மா இது? கட்டில் இல்லாத ஆஸ்பத்திரி உண்டா?" என்று டாக்டர் விழித்தார். நான் கேட்டது சுரங்கத்தை. எனக்கு அந்தப் பதில் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்கிற பழக்கம் வாத்தியார்களுக்குக் கிடையாது, ஆகையால் முறைத்தேன். அவர் உற்சாகமாகத் தொடர்ந்தார். "மேல்நாட்டிலே பிரசவமான பொம்பளைகளைக்கூட மறுநாளே இறக்கிடறாங்க. பத்திரிகையிலே எழுதியிருக்காங்க."

தரையிலிருந்து அக்கா அலறினாள். "அய்யய்யோ! புள்ள பெத்தவளையா எறக்கறாங்க? இங்க பொம்பளைங்கள எறக்கவே மாட்டாங்களே சாமி!"

"ஏம்மா இறக்காம? பக்கத்திலே ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டா போதும். மெதுவா இறங்கிடலாம்."

"சரி டாக்டர்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கள் மாமாவை எந்த லெவலில் இறக்கினீர்கள்? அதையாவது சொல்லுங்கள்."

"லெவலா?" டாக்டர் குனிந்து கட்டிலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ரெண்டடி உயரம் இருக்கும்."

பக்கத்துக் கட்டில்காரர் முதலில் சிரித்தார். அவர் கோரமண்டல் சுரங்கத்தில் டிராம் வண்டி தள்ளுகிறவர். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. சிரித்தால் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எனக்குப் புரிந்தது. அப்புறம் அக்காவுக்கு. டாக்டருக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து புரியவைக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எப்படி இருக்கிறது பாருங்கள். எங்கோ யாரோ ராப்பகலாக ஆராய்ந்து கண்டுபிடித்த விஷயம். அது அச்சாகி, கப்பலேறி, ரயிலேறி, மலை மேலிருக்கிற எங்கள் ஊர் வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்த பிறகு, டாக்டரின் வாய்க்கும் மாமாவின் காதுக்கும் நடுவிலே இருக்கிற ஒரு முழ தூரத்தில் கவிழ்ந்துவிட்டது!

சரி, பாத்ரூமில் மாமா இல்லை. வராந்தாவில் இல்லை. தோட்டத்தில் இல்லை. டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "தையல் விட்டுப்போச்சுன்னா..." என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் மாமாவின் கூட்டாளி அந்தோணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியாம்.

"இன்னாக்கா, அண்ணன் ஸ்டேஷன்ல உக்காந்துக்கினு கீறாரு? கூப்ட்டா, வந்தா என்ன எறக்கிடுவாங்கன்னு சொல்றாரு!"

ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் தையல் போட்ட வயிற்றுக்கு அது காசி ராமேஸ்வரம் அல்லவா? டாக்டரின் காரில் எல்லோருமாக ஏறிப் போனோம்.

பிளாட்பார பெஞ்சில் மாமா இருந்தார். ஒரு கை வயிற்றில், மறு கையில் போர்வை நுனி. பங்காருப்பேட்டை வண்டிக்காகக் காத்திருந்தார். அங்கிருந்து குடியாத்தம் போய்ப் பெரியப்பா வீட்டில் படுத்துக்கொள்வதாகத் திட்டம். டாக்டரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், வேலைய வேணும்னா வுட்டுர்றேன். உசுர வுட மாட்டேன்."

டாக்டர் மண்டியிட்டு வயிற்றுக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நல்லவேளை, தையல் அப்படியே இருந்தது. "நான் கட்டிலைச் சுத்தி நடக்கச் சொன்னேன். நீங்க ஊரைச் சுத்திட்டீங்களே, பெரியவரே" என்றார்.

கட்டில் விவகாரத்தை அக்கா சொன்னாள். மாமா யாரையும் நம்பத் தயாராக இல்லை. "கட்டிலாவட்டும், கேஜாவட்டும். இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு, இன்னொரு வாட்டி எழுந்தா போயிடுவேன். எங்க நைனா அப்பிடித்தான் போனாரு" என்றார். நைனாவின் கதையை டாக்டர் கேட்டார். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பெஞ்சில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுந்ததாலே போகலே. அசையாம படுத்தே இருந்தா சிலருக்குக் கால்லே ரத்தம் உறைஞ்சு கட்டியாயிடும். அது நகர்ந்து போய் நுரையீரலை அடைச்சுடும். உங்கப்பாவுக்கும் அதுதான்னு, பார்க்காத நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அப்படித்தான் இருக்கும்னு தோணுது. அதுக்காகத்தான் சீக்கிரமா எழுந்து நடங்கங்கறோம்."

மாமா தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் சார் அவர தூக்கி உக்கார வச்சேன்" என்றார். "காபி வேணும்னாரு. முதுகுல கைய குடுத்து... நான்தான்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய அக்காவுக்குக்கூட இது தெரியாது. அப்பனை எழுப்பி உட்கார வைத்துச் சாகடித்துவிட்டோம் என்று ஒரு மனுஷர் இதை மனசிலேயே வைத்துக்கொண்டு தினமும் சுரங்கத்துக்குள் போய் வந்திருக்கிறார். நானோ அவரைப் பட்டாசுக்குப் பயந்தவர் என்று ஊருக்கெல்லாம் எழுதினேன்.

"நீங்க செஞ்சது சரி" என்றார் டாக்டர், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "முன்னாடியே செஞ்சிருக்கணும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? வைத்தியத்துக்கே அப்ப தெரியலியே."

வண்டி வந்தது. நின்றது. மாமாவை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது.

இத்துடன் முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. மறுநாள் காலை மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு காலைத் தொங்கப் போட்டிருந்தார். கால் தரைக்கு வரவில்லை. டாக்டர் "இற..." என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேத்து உசுருக்கு பயந்துக்கினு நடந்துட்டேன் சார். இன்னிக்கி சும்மா நடன்னா கால் வரமாட்டேங்குது" என்றார் மாமா பரிதாபமாக.

அக்கா பார்த்தாள். தூக்கிலிருந்து டம்ளரில் காபியை ஊற்றினாள். ஸ்பூனை எடுத்து டம்ளர் மேல் தட்டினாள். டங்... டங்... டங்...

வார்டே திரும்பிப் பார்த்தது. கேஜ் மேலே கிளம்புகிற மணி அப்படித்தான் அடிக்கும்.

"ஷிப்ட் முட்ஞ்சிச்சிய்யா" என்றாள் அக்கா. "மேல வா."

வேலை முடிந்து, உயிரோடு, வெளிச்சத்துக்கு வருகிற மணி அது. எங்கள் ஊரில் அதைவிட நல்ல சத்தம் வேறு கிடையாது. மாமாவின் கால் தானாகத் தரையைத் தொட்டது. நின்றார். நின்றபடியே, நைனா கேட்டுக் குடிக்காமல் போன அந்தக் காபியை முழுசாகக் குடித்தார். "சக்கர பத்தல" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது அந்த வார்டில் டாக்டர் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. "மேல வாங்க" என்றுதான் கூப்பிடுகிறார். ஸ்டெதாஸ்கோப்பை மறந்தாலும் சட்டைப் பையில் ஸ்பூனை மறப்பதில்லையாம்!