என் மகள் தெரியாது என்று சொன்ன கேள்வி

கைதட்டுவதற்கு இந்த நாட்டில் ஒத்திகை இருக்கிறது. மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சிக் கலையகத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களை, காதில் கருவி மாட்டிய ஒருவர் முதலில் மெதுவாகத் தட்டச் சொன்னார், பிறகு பலமாக, பிறகு யாரோ பெரிய அதிசயம் செய்துவிட்டதுபோல எழுந்து நின்று. மேடையில் அப்போது போட்டியாளர் ஒருவரும் இல்லை. ஒரு பெண் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத் தட்டுவதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து விழாக்களில் பேச்சு நன்றாக இருந்தால் பின்னாலிருந்து ஒருவர் தக்பீர் சொல்வார், மற்றவர்கள் அல்லாஹு அக்பர் என்று சேர்ந்துகொள்வார்கள். நன்றாக இல்லாவிட்டால் குளிர்பானம் எந்த வாசலால் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். எப்படியானாலும் அது பேச்சு நடந்த பிறகுதான். இங்கே மகிழ்ச்சியை முதலில் ஒளிப்பதிவு செய்துகொள்கிறார்கள், காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

அன்று எனக்குக் காரணம் இருந்தது. பொது அறிவுப் போட்டித் தொடர் ஒன்றின் இறுதிச் சுற்று அது. அதில் எஞ்சியிருந்த இருவரில் ஒருத்தி என் மகள் ஹஸீனா. இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் பிறந்தவள், இப்போது லெஸ்டர் நகரில் மருந்தாளராக வேலை செய்கிறாள். மனைவி மௌத்தாகித் தனியான பிறகு நான் இவளிடம் வந்து சேர்ந்தேன். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வயதான காலத்தில் தாய்தகப்பன் மகளின் நிழலில் ஒதுங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த வழக்கம் கடல் தாண்டியும் என்னோடு வந்தது.

பரிசு ஒரு கண்ணாடிக் கிண்ணம், அவ்வளவுதான். ஆனால் அதற்காக அவள் படித்த படிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இங்கிலாந்து அரசர்களின் வரிசை, காற்பந்துக் கழகங்களின் பட்டப்பெயர்கள், நான் வாயில் வைத்துப் பார்த்திராத புடிங் வகைகள். மருந்துக்கடையில் அவளிடம் சிலர் இன்றைக்கும் சொற்களை நிறுத்தி நிறுத்தி, உரத்த குரலில் சொல்வார்கள், அவளுக்கு விளங்கவேண்டுமாம். அவள் சிரித்துக்கொண்டே மருந்தைக் கொடுத்து அனுப்புவாள். ஒருநாள் சமையலறையில் சொன்னாள்: “வாப்பா, ஒருக்கா இவங்கட விளையாட்டுல, இவங்கட கேள்வியிலயே வெல்லோணும். அதுக்குப் பொறகு சத்தமாக் கதைச்சாலும் எனக்குக் கவலல்ல.”

ஒத்திகை முடிந்ததும் எச்சரிக்கை வந்தது. பார்வையாளர் எவரும் உதட்டை அசைத்து விடை சொல்லக் கூடாது, கையால் சைகை காட்டக் கூடாது. கண்டுபிடித்தால் அந்தப் போட்டியாளரும் விலக்கப்படுவார். நான் தலையை ஆட்டினேன், எனக்குச் சொல்லத் தேவையில்லை என்ற தோரணையில். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியன், பாதிக் காலம் பரீட்சை மண்டப மேற்பார்வையாளன். நிந்தவூரிலிருந்து சவளக்கடை வரைக்கும் என்னைத் தெரியும். “சேர் மண்டபத்துக்குள்ள வந்தா சுவர்ப் பல்லியும் திரும்பிப் பாராது” என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். கொப்பியடித்தவர்களை நான் மன்னித்ததில்லை. ஒரு முறை ஒரு தகப்பன் வயல் சேறு காயாத காலோடு வந்து வாசலில் நின்று கெஞ்சினார். நேர்மையை விட எனக்கு வேறு சொத்தில்லை என்று அவரிடம் சொன்னேன். சொன்னபோது உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

குடும்பத்தாருக்கு முன்வரிசை. என் பக்கத்தில் மொரீன் என்ற வயதான பெண்மணி. எதிர்ப் போட்டியாளர் கிரஹமின் மனைவி. என் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு, பதற்றமா என்று கேட்டார். “அவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன், இறைவனைக் கருதி. தொழுகைக்குப் பிறகு விரற்கணுக்களில் எண்ணி திக்ர் செய்வது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். மனம் குழம்பினால் விரல் தானாகவே தொடங்கிவிடும். மொரீன் பெருமூச்சு விட்டு, “நானும் கிழமை முழுக்க அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இந்தக் கழுத்துப்பட்டியைக் கட்டாதே என்று சொன்னேன், கேட்கவில்லை” என்றார். அவர் நினைத்தது கிரஹமை. நான் திருத்தவில்லை. இருவரும் ஆளுக்கொருவரை நினைத்தபடி அருகருகே இருந்தோம்.

போட்டி எளிமையானது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், திரையில் இலக்கமிட்டு வரும். இருவரிடமும் மாறி மாறிக் கேட்பார்கள். தெரியாவிட்டால் பாஸ் சொல்லலாம். ஹஸீனா அரசர்களைச் சொன்னாள், கழகங்களைச் சொன்னாள், பெயர் கேட்டாலே பசி போய்விடும் ஒரு புடிங்கையும் சரியாகச் சொன்னாள். இருவரும் சமமாக நின்ற இடத்தில், அவளுடைய கடைசிக் கேள்வி திரைக்கு வந்தது. இலங்கையின் கிழக்குக் கரைக்குப் பெருமழை கொண்டுவரும் பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது?

இத்தனை நாள் அவர்களுடைய உலகத்தைப் படித்த பிள்ளையிடம், கடைசியில் எங்கள் வயல்வெளிகளைக் கேட்கிறார்கள். அந்த மழையை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் பெரும்போகம் விதைப்பார்கள். அந்தக் காற்று எழும்பினால் தோணிகளைக் கரையில் மேலே இழுத்து வைப்பார்கள். கல்முனையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், வடகீழ்க் காற்று. திரையில் அது மூன்றாவது விடை.

ஹஸீனா உடனே சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி, வரிசையில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைத்தான் நான் பிழையாக வாசித்தேன். ஏன் அப்படி வாசித்தேன் என்று சொல்வதற்கு மருதமுனை வீட்டுக்குப் போகவேண்டும். அவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த காலம். பக்கத்து வீட்டுத் தறி நின்ற பிறகுதான் அவளுடைய தம்பி ஏணைத் தூளியில் கண்ணயர்வான். அவன் எழும்பினால் வீடு இரண்டுபடும், ஆகவே வாய்திறக்காமல் படிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். வினாத்தாளில் நான் கேள்வியைத் தொட்டுக் காட்டுவேன். சுட்டுவிரல் தொடங்கி நான்கு விரல்களும் நான்கு விடைகள். அவள் தன் பெருவிரலை விடைக்குரிய விரலில் வைத்து என்னை நிமிர்ந்து பார்ப்பாள். தடுமாறினால், தூளியைத் தாண்டி அவள் கண் என்னைத் தேடும். நான் என் நெஞ்சுக்கு நேரே கையை வைத்து, பெருவிரலால் சரியான விரலைத் தொடுவேன். அவள் சத்தமில்லாமல் சிரிப்பாள். பரீட்சையில் அவள் தானாகவே சித்தியடைந்தாள். விரல் பேச்சு அத்தோடு முடிந்ததென்றுதான் நினைத்திருந்தேன்.

கலையகத்தில் அவள் நிமிர்ந்து தேடியபோது என் கண்ணுக்கு அந்தச் சிறுமிதான் தெரிந்தாள். வெளிச்சத்தில் தடுமாறிவிட்டாள், இளவயதிலேயே இந்த நாட்டுக்கு வந்தவள் மழையை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் கை நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. பெருவிரல் மூன்றாவது விரலில் நின்றது. திக்ர் எந்த இடத்தில் நின்றது, களவு எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். பழக்கம் என்றோ, மறதி என்றோ, வயது என்றோ நான் சொல்லப்போவதில்லை. தெரிந்துதான் செய்தேன்.

அவள் முகத்தில் மலரத் தொடங்கியிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். நடத்துநர் மறுபடியும் கேட்டார். அவள் தெளிவான குரலில், “பாஸ்” என்றாள்.

அடுத்த கேள்வி கிரஹமுக்கு. சரியாகச் சொன்னார். ஒத்திகை பார்த்த கைதட்டல் முழுக்க எழுந்து நின்று நடந்தது. மொரீன் அழுதார், பிறகு என்னைக் கண்டு தன் மகிழ்ச்சிக்காக வெட்கப்பட்டவர்போல என் கையைத் தட்டிக் கொடுத்தார், அதே கையை. “மனம் தளராதீர்கள். இந்த வெளிநாட்டு விஷயங்களெல்லாம் யாருக்குத்தான் தெரியும்?” நன்றி என்றேன். நான் பிறந்த ஊரின் மழை அவருக்கு வெளிநாட்டு விஷயம். அதை என் மகள் அறியாததில் ஒரு குறையும் இல்லை என்று அந்த நல்ல மனிதர் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஹஸீனாதான் காரோட்டினாள். நகரம் பின்னால் போனது. பிறகு நான் தொடங்கினேன்.

“மகள், விடை தெரியுந்தானே ஒனக்கு?”

“தெரியாம? கேள்விய வாசிக்கக்குள்ளயே தெரியும்.”

“அப்ப என்னத்துக்கு என்னப் பாத்த?”

“நம்மட ஊரக் கேக்காங்க வாப்பா எண்டு பாத்தன். ஒங்களோட சேந்து சிரிக்கோணும்போல இருந்திச்சி.” வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “ஒங்கட வெரலக் கண்டத்துக்குப் பொறகு அது என்ட விடையில்ல.”

“ஆரும் காணல்லயே மகள்.”

“நான் கண்டன்.”

பெட்ரோல் நிலையமொன்றில் நிறுத்தி எனக்குத் தேநீர் வாங்கி வந்தாள், சீனி அளவாகப் போட்டு, மூடியைத் திறந்து, கை சுடாமல் கடதாசி சுற்றி. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் யாரோ அதைக் கைத்தொலைபேசியில் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பக் குழுவில் குரல் பதிவுகள் வந்து குவிந்தன. “மாரி மழ எங்கருந்து வருதெண்டு தெரியாதவளுக்கு மருந்துக்கட குடுத்திரிக்காங்க!” “லண்டன் தண்ணி குடிச்சா வாடக் காத்தும் மறந்து பெய்த்திரும்போல.” என் தம்பி ஜவாத் சாய்ந்தமருதில் இருக்கிறான், மூத்தவனான என்னைக் காக்கா என்பான், ஆனாலும் வாயை அடக்கத் தெரியாதவன். “காக்கா, நீங்க கணக்குப் படிப்பிச்ச நேரத்துக்குப் புள்ளைக்குத் திசையப் படிப்பிச்சிரிக்கலாம்” என்றான். எல்லாம் பகிடிதான், உறவுக்குள் ஒருவருக்கொருவர் எறிகிற கல்தான். ஆனால் ஊரையே மறந்தவள் என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. இங்கே அவளிடம் உரத்துக் கதைப்பவர்களும் மாறவில்லை. இரண்டு இடத்திலும் அவள் ஒன்றும் அறியாதவள் ஆனாள், என் விரலால்.

ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஹஸீனாவிடம் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“வேணா வாப்பா. என்ன மடச்சி எண்டு நினைச்சாப் பரவால்ல. ரெண்டு நாளையில மறந்திருவாங்க. ஒங்களக் கள்ளன் எண்டா மறக்க மாட்டாங்க. ஊர்ல ஒங்களுக்கு இரிக்கிறது அந்தப் பேருதானே.”

அவள் சொன்னது சரி. ஊரில் நான் இன்னும் நேர்மையான சேர். அங்கே போனால் எழுந்து நின்று இடம் தருவார்கள், உண்மை தெரியாததால். இங்கே ஒருத்திக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் தேநீருக்குக் கடதாசி சுற்றித் தருகிறாள். இதில் எது என் வீடு என்று சில வாரங்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். மதிப்பு இருக்கிற இடத்தில் நான் இல்லை. நான் இருக்கிற இடத்தில் மதிப்பு மிச்சமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல், லுஹர் தொழுது எழும்பிய சற்று நேரத்தில் ஜவாத் அழைத்தான். எனக்குக் காது மந்தம், ஆகவே ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். ஹஸீனா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வழக்கம்போலத் தொடங்கினான்.

“காக்கா, இங்க வானம் கறுத்திரிக்கி. மகளுக்கு செல்லுங்க, எந்தப் பக்கமெண்டு பாத்துக் கொள்ளட்டும்.”

“ஜவாத், பகிடிய உடு. ஒரு விசயம் செல்லோணும்.”

ஹஸீனா திரும்பினாள். சவர்க்கார நுரை வடியும் கையோடு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே தொலைபேசிக்குச் சொன்னேன்.

“புள்ளைக்கு விடை தெரியும்டா. நான்தான் இருந்த இடத்திலருந்து வெரலால காட்டிக் குடுத்தன். அதக் கண்டுபோட்டுத்தான் அவ சொல்லாம உட்டா. கள்ளன் அவ இல்ல, நான்.”

மறுமுனையில் ஜவாத் “காக்கா…” என்று தொடங்கினான். அதே கணம் அவனுக்குப் பின்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் கரகரப்பு, பிறகு அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு. பாங்கு சொல்லும்போது நாங்கள் கதைப்பதில்லை, அதன் சொற்களைப் பதிலாக மெல்லத் திருப்பிச் சொல்வோம். அவன் வாயை மூடிக்கொண்டான். தொலைபேசியை வைக்கவும் இல்லை.

லெஸ்டரில் அப்போது உச்சி வெயில் சன்னலால் மேசைக்கு இறங்கியிருந்தது, மாலைக்கு இன்னும் நெடுநேரம். ஹஸீனா தண்ணீர்க் குழாயை மூடினாள். ஈரக் கையால் தோளில் கிடந்த முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, சாய்ந்தமருதின் அந்திக்கு, இந்த நாட்டு நடுப்பகலில், உதடு அசையப் பதில் சொல்லத் தொடங்கினாள். நானும் சொன்னேன். தம்பி எனக்குச் சொல்லப்போகும் சொல் பாங்கு முடியட்டும் என்று அங்கே காத்திருந்தது.